உடைத்ததற்குப் பணம் கட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா?

கேள்வி இதுதான்: "தங்கை மகளுக்கு ஆக்ஸ்ஃபோர்டில் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே புல்லிங்டன் கிளப் என்று ஒன்று இருக்கிறதாம். பெரிய இடத்துப் பையன்கள் உணவகத்துக்குப் போய்க் குடித்துவிட்டு எல்லாவற்றையும் உடைத்துப் போட்டுவிட்டு, கையோடு பணமும் கட்டிவிட்டு வருவார்களாம். உண்மையா? பணம்தான் கட்டிவிடுகிறார்களே, அப்புறம் அதில் என்ன தப்பு? வயசுக் கோளாறு என்று விட்டுவிட வேண்டியதுதானே?"

உண்மைதான். முதல் கேள்விக்கு அவ்வளவுதான் பதில். 'பணம்தான் கட்டிவிடுகிறார்களே' என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். அந்த ஊரில் கண்ணாடியைக் கூட்டி அள்ளும் பக்கத்தில் நான் நின்றிருக்கிறேன்.

முதலில் கிளப்பைப் பற்றி. 1780இல் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் வேட்டைக்கும் கிரிக்கெட்டுக்குமான சங்கம். நாளடைவில் வேட்டையும் கிரிக்கெட்டும் போய் விருந்து மட்டும் மிஞ்சியது. ஆண்களுக்கு மட்டும். விண்ணப்பம் போட்டுச் சேர முடியாது, அவர்களாகப் பார்த்து அழைக்க வேண்டும். ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் கூட்டமாகப் போய் அவர் அறையைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டுவிட்டு வருவது வழக்கம் என்று பழைய உறுப்பினர்களே சொல்லியிருக்கிறார்கள். சீருடை உண்டு. பின்பக்கம் வால்போல் நீண்ட கருநீலக் கோட்டு, வெல்வெட் காலர், தந்த நிறப் பட்டு மடிப்பு, கிளப்பின் முத்திரை பதித்த பித்தளைப் பொத்தான்கள், உள்ளே கடுகு மஞ்சளில் கையில்லாச் சட்டை, கழுத்தில் வான்நீல வில் டை. இந்த ஒரு உடுப்புக்கே சுமார் 3,500 பவுண்டு ஆகும் என்று பத்திரிகைகள் எழுதின. ஆக, விருந்துக்குக் காசு கொடுப்பதற்கு முன்னாலேயே, சட்டை தைக்கும்போதே பாதிப் பேர் வெளியே நின்றுவிடுவார்கள்.

உலகத்துக்கு இந்தக் கிளப் தெரிய வந்தது ஒரு புகைப்படத்தால். 1987இல் எடுத்தது. கல்படிகளில் பத்து இளைஞர்கள் இந்த உடுப்பில் நிற்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள். பின்வரிசையில் நிற்பவர்களில் ஒருவர் டேவிட் கேமரன், முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் போரிஸ் ஜான்சன். 2010இலிருந்து 2016 வரை ஒருவர் பிரதமர், 2019இலிருந்து 2022 வரை இன்னொருவர். கேமரனின் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் 1992ஆம் ஆண்டுப் படத்தில் இருக்கிறார். 2007இல் அந்த 1987 படம் பத்திரிகைகளில் வந்ததும், உரிமை வைத்திருந்த புகைப்பட நிறுவனம் இனி யாரும் வெளியிடக்கூடாது என்று அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே படத்தைப் பார்த்து ஓவியமாக வரைந்து போட வேண்டிய நிலைமை தொலைக்காட்சிக்காரர்களுக்கு.

சரி, இப்போது என் கதை.

முதுகலை படிக்கப் போய் அந்த ஊரில் இரண்டு வருடம் இருந்தேன். வாரத்தில் மூன்று மாலை ஓர் 'இந்திய' உணவகத்தில் பரிமாறும் வேலை. பலகையில்தான் இந்தியா, பிரிட்டனில் இருக்கும் இப்படிப்பட்ட கடைகள் பலவற்றைப்போல இதையும் நடத்தியவர் வங்கதேசத்துச் சில்ஹெட்காரர். நாங்கள் அவரை 'பாய்' என்போம். பாத்திரம் கழுவி மேசை துடைக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார், அவரை எல்லோரும் 'சாச்சா' என்போம்.

ஆக்ஸ்ஃபோர்டில் 'க்ரூடேட்' என்று ஒரு வழக்கம். ஏதாவது ஒரு கல்லூரியின் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் சேர்ந்து, பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு கறிக்கடையில், ஆணும் பெண்ணும் மாறிமாறி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாப்பாடு பேருக்குத்தான். ஆளுக்கு ஒரு பாட்டில் மலிவு ஒயின் வெளியிலிருந்து கொண்டுவருவார்கள். ஒருவன் கரண்டியால் கிளாஸைத் தட்டிக்கொண்டு எழுந்து, "இன்ன காரியம் செய்தவர்கள் யாராக இருந்தாலும் குடிக்க வேண்டும்" என்று கத்துவான். செய்தவர்கள் எழுந்து குடிக்க வேண்டும். அதற்கு 'ஸ்கான்ஸ்' என்று பெயர். உங்கள் கிளாஸில் யாராவது ஒரு பென்னிக் காசைப் போட்டுவிட்டால் மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்து முடிக்க வேண்டும். இதில் கலந்துகொள்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் சாதாரணப் பிள்ளைகள்தான். பத்து மேசையில் ஒன்பது மேசை சத்தத்தோடு முடிந்துவிடும்.

பத்தாவது மேசை ஒன்று எனக்கு நினைவில் இருக்கிறது. பிப்ரவரி மாதம், வெளியே நல்ல குளிர். இருபது பேர் இருப்பார்கள். கோழிக்குழம்பு சுவரில், சோறு விளக்குக் கூண்டுக்குள். கடைசியில் ஒருவன் நாற்காலி மேல் ஏறிக் கிளாஸைத் தரையில் போட்டான். அது சத்தமாக உடைந்தது எல்லோருக்கும் பிடித்துப்போய் ஆளாளுக்குப் போட ஆரம்பித்தார்கள். பாய் ஓடி வந்தார். அதற்குள் அணித்தலைவன் கல்லாவுக்கு வந்துவிட்டான். நல்ல உயரம், நல்ல மரியாதை. குரலை உயர்த்தவே இல்லை. "மன்னிக்க வேண்டும், எவ்வளவு ஆகும்?" என்று கேட்டான். பாய் ஒரு தொகை சொன்னார். அவன் கோட்டுப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து எண்ணி வைத்தான், அதற்கு மேலும் கொஞ்சம் வைத்தான். அந்த உறைதான் இன்றுவரை எனக்குள் நிற்கிறது. கடைக்கு வரும்போதே கொண்டுவந்திருக்கிறான். கதவைத் திறந்து உள்ளே வந்து, எங்களுக்கு மாலை வணக்கம் சொல்லி உட்காரும்போதே, என்ன நடக்கும், அதற்கு எவ்வளவு ஆகும் என்று அவனுக்குத் தெரியும்.

அவர்கள் போன பிறகு இரண்டு மணிவரை நானும் சாச்சாவும் கூட்டினோம். கார்ப்பெட்டில் விழுந்த பொடிக் கண்ணாடி துடைப்பத்துக்கு வராது. ரொட்டித் துண்டை எடுத்து அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும், சில்லு அதில் ஒட்டிக்கொள்ளும். அப்படி எடுக்கும்போது சாச்சாவின் உள்ளங்கையில் ஒரு சில்லு ஏறிவிட்டது. ஒரு வாரம் அவரால் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை, வேலைக்கு வரவில்லை. வேலைக்கு வராத நாளுக்கு அங்கே கூலியும் இல்லை. உறையில் இருந்த பணம் தட்டுக்கும் கிளாஸுக்கும் சுவருக்கும் போதுமானதாக இருந்தது. அதற்கு மேலேயே இருந்தது. சாச்சாவின் கைக்கு அதில் பங்கு இல்லை, அப்படி ஒரு கை இருப்பது உறை வைத்தவனுக்குத் தெரியவும் தெரியாது.

இதைத்தான் சொல்ல வருகிறேன். பணம் கட்டியதை நீங்கள் பரிகாரமாகப் பார்க்கிறீர்கள். நான் அதையே குற்றத்தின் முதல் பாகமாகப் பார்க்கிறேன். ஆத்திரத்தில் உடைப்பவன் விலை கேட்டுக்கொண்டு வருவதில்லை. விலை கட்டத் தயாராக வந்து உடைப்பவன், எதிரில் இருப்பவர் விற்க வைக்காத ஒன்றை வாங்குகிறான்: அவருடைய அன்றைய இரவை, கடையின் மானத்தை, குனிந்து பொறுக்கும் முதுகை. வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு அந்த வியாபாரத்தில் கடைக்காரருக்குக் கிடையாது.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் பல்கலைக்கழகத்துக்கும் ஊருக்கும் இடையில் சட்டமே வேறு வேறாக இருந்த காலம் நெடுங்காலம். 1355 பிப்ரவரி 10ஆம் தேதி இரண்டு மாணவர்கள் மதுக்கடை ஒன்றில் ஒயின் சரியில்லை என்று சண்டை போட்டுக் கடைக்காரர் முகத்தில் அதை ஊற்றினார்கள். அதில் தொடங்கிய கலவரம் மூன்று நாள் நடந்தது. மாணவர் தரப்பில் 63 பேர் செத்ததாகக் கணக்கு, ஊர்க்காரர்களிலும் சுமார் 30 பேர். ஊர்க்காரர்கள் செய்ததும் கொடூரம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. அன்றைய மாணவர்களில் பலர் பணக்காரர்களும் இல்லை. ஆனால் தீர்ப்பைப் பாருங்கள். அரசர் பல்கலைக்கழகத்தின் அதிகாரத்தை இன்னும் கூட்டினார். ஊரில் விற்கும் ரொட்டிக்கும் மதுவுக்கும் அளவும் விலையும் பார்க்கும் உரிமை பல்கலைக்கழகத்தின் கைக்குப் போனது. மேயர் ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளில் தேவாலயத்துக்குப் போய், ஓர் உயிருக்கு ஒரு பென்னி என்று 63 பென்னி கட்ட வேண்டும். 1825இல் ஒரு மேயர் முடியாது என்று சொல்லும்வரை இது நடந்தது. முகத்தில் மது ஊற்றப்பட்டவரின் ஊர் 470 ஆண்டுகள் அபராதம் கட்டியிருக்கிறது.

பல்கலைக்கழகத்துக்குள்ளேயும் ஆள் பார்த்துத்தான் எல்லாம். 18ஆம் நூற்றாண்டில் பிரபு வீட்டுப் பிள்ளையின் தொப்பியில் தங்கக் குஞ்சம் தொங்கும். அதிகக் கட்டணம் கட்டும் செல்வர் பிள்ளைகளுக்கு வேறு அங்கி, தனிச் சலுகைகள். இன்னொரு கோடியில் 'சர்விட்டர்' என்ற ஏழை மாணவன், சக மாணவர்களுக்கு எடுபிடி வேலை செய்து அந்தக் காசில் படிப்பவன். அவன் தொப்பியில் குஞ்சமே கிடையாது. தெருவில் தூரத்திலிருந்து பார்த்தாலே யார் யார் என்று தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் 1768ஐச் சொல்லாமல் போக முடியாது. அந்த ஆண்டு செயின்ட் எட்மண்ட் ஹாலில் படித்த ஆறு மாணவர்களைப் பல்கலைக்கழகம் வெளியேற்றியது. எதையும் உடைக்கவில்லை அவர்கள். மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவினரோடு சேர்ந்து அனுமதியில்லாத வீட்டுக் கூட்டங்களில் ஜெபம் செய்தார்கள், போதித்தார்கள். குற்றச்சாட்டில் இன்னொரு வரியும் இருந்தது: இவர்களில் சிலர் தொழில் செய்து வளர்ந்தவர்கள் என்று. ஒருவர் முடிதிருத்தும் தொழில், ஒருவர் நெசவு, ஒருவர் துணி வியாபாரம். 1811இல் கவிஞர் ஷெல்லியை வெளியேற்றினார்கள், நாத்திகம் பேசும் ஒரு சின்னப் பிரசுரத்துக்காக. அவர் செல்வர் வீட்டுப் பிள்ளை. ஆனாலும் நினைத்ததை அச்சில் போட்டால் தப்பமுடியவில்லை. பாடாத வாயும் எழுதாத கையும் இருந்தால் போதும், மற்றது எதையும் பொறுத்துக்கொள்ளும் நிர்வாகம் அது.

எதைப் பொறுத்துக்கொண்டது? 1894 மே மாதம், ஒரு விருந்து முடிந்து புல்லிங்டன் ஆட்கள் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் பெக்வாட்டர் முற்றத்துக்கு வந்தார்கள். மூன்று பக்கமும் வரிசை வரிசையாக உயர்ந்த ஜன்னல்கள் உள்ள அழகான கட்டடம் அது. 468 ஜன்னல்களின் கண்ணாடியை உடைத்தார்கள். விளக்குகள், திரைகள், கதவுகளும் தப்பவில்லை. 468 என்பதைப் படிக்கும்போது சட்டென்று கடந்துவிடுவோம். ஒரு ஜன்னலுக்கு அரை நிமிஷம் என்று வைத்தாலும், ஓர் ஆள் தனியாக உடைத்தால் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். அது ஒரு நொடி வெறி இல்லை, மெனக்கெட்டுச் செய்யும் வேலை. கிளப் கலைக்கப்படவில்லை. 1927 பிப்ரவரியில் அதே முற்றத்தில் அதையே திரும்பச் செய்தார்கள். அப்போதுதான் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து 15 மைலுக்குள் இந்தக் கிளப் கூடக்கூடாது என்று தடை வந்தது. யோசித்துப் பாருங்கள், அந்தத் தடையின் பலன் என்ன? கல்லூரி ஜன்னல்கள் பிழைத்தன. உடைக்கும் இடம் கிராமத்துச் சாராயக் கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் மாறியது.

பணம் இருந்தால் மட்டும் இதில் நுழைந்துவிட முடியுமா என்றும் சிலர் கேட்பார்கள். முடியாது, அது இன்னும் நுட்பமான கணக்கு. இலங்கையில் 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் கொண்டுவந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவை நம் ஆட்கள் மறக்க மாட்டார்கள். அவர் 1921இல் இதே கிறைஸ்ட் சர்ச்சில் சேர்ந்தவர். பெரிய நிலக்கிழார் குடும்பம், வீட்டில் எதற்கும் குறைவில்லை. ஆனால் அங்கே முதல் காலத்தில் ஆங்கிலேய மாணவர்கள் தன்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை என்று பின்னாளில் தன் நினைவுக் கட்டுரைகளில் எழுதினார். ஆனால் அவருக்கு முன்பே அங்கே படித்த சயாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், இளவரசர் வஜிராவுத், பின்னாளில் மன்னர் ஆறாம் ராமா, புல்லிங்டனில் உறுப்பினர். 1980களில் போலந்திலிருந்து வந்து பிரிட்டனில் அரசியல் அடைக்கலம் பெற்ற ராடோஸ்வாவ் சிகோர்ஸ்கியும் உறுப்பினர். பிறகு போலந்தின் வெளியுறவு அமைச்சரானார். ஜான்சனே ஈட்டன் என்ற பணக்காரத் தனியார் பள்ளியில் உதவித்தொகையில் படித்தவர். ஆக, 'கோடீஸ்வரப் பிள்ளைகள்' என்று மட்டும் சொல்வது சரியில்லை. நாளைக்குப் பெரிய ஆளாகப் போகிறவன் என்று மோப்பம் பிடித்துச் சேர்க்கிற இடம் அது. சேர்ந்து உடைத்தவர்கள் பிறகு ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். இருபது வருடம் கழித்து ஒருவர் அமைச்சர், ஒருவர் வங்கியில் பெரிய பதவி, ஒருவர் பத்திரிகை ஆசிரியர் என்று ஆகும்போது அந்தப் பழைய இரவு ஒரு நல்ல முதலீடு.

1987இல் ஒரு விருந்து இரவில் பூத்தொட்டி ஒன்று உணவகத்தின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போனது. போலீஸ் வந்து சிலரைக் காவல் நிலையத்தில் வைத்திருந்துவிட்டுக் காலையில் விட்டுவிட்டது. 2004 டிசம்பரில் ஃபைஃபீல்டு என்ற கிராமத்தில், பல நூறு ஆண்டுகள் பழைய ஒயிட் ஹார்ட் என்ற கடையில் 14 பேர் கூடினார்கள். 17 ஒயின் பாட்டில்கள், மேசையிலிருந்த பீங்கான் அத்தனையும், ஒரு ஜன்னல் என்று உடைத்தார்கள். கைதான சிலருக்கு அபராதம். யாரும் சிறைக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. இருபது வயதுப் பையனைச் சிறைக்கு அனுப்பி யாருக்கு என்ன லாபம்?

ஆனால் மற்றவன் வீட்டு இருபது வயதுப் பையனுக்கு என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2011 ஆகஸ்டில் லண்டனில் கலவரம் நடந்தது. கடைகள் உடைக்கப்பட்டன, கொளுத்தப்பட்டன. பல ஏழைகளும் சிறு கடைக்காரர்களும் அதில் எல்லாவற்றையும் இழந்தார்கள். அப்போது கேமரன் பிரதமர், ஜான்சன் லண்டன் மேயர். ஒழுக்கம் சரிந்துபோனதுதான் காரணம் என்று கேமரன் பேசினார். ஜான்சன் கிளாப்பம் பகுதிக்குப் போய், தெருவைச் சுத்தம் செய்ய வந்த மக்கள் நடுவில் துடைப்பத்தை உயர்த்திப் பிடித்தார். அந்த நாட்களில் 23 வயது மாணவர் ஒருவர், அதற்கு முன் எந்த வழக்கும் இல்லாதவர், பிரிக்ஸ்டனில் ஏற்கெனவே உடைக்கப்பட்டிருந்த கடையிலிருந்து ஒரு கட்டுத் தண்ணீர் பாட்டில் எடுத்தார். விலை மூன்றரைப் பவுண்டு. ஆறு மாதச் சிறை.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் ஊரில் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. அந்த மாணவரிடமும் யாராவது "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டிருந்தால் மூன்றரைப் பவுண்டை அவராலும் கட்டியிருக்க முடியும். கட்டினால் தீர்ந்தது என்பது எல்லோருக்கும் பொதுவான சட்டமாக இருந்தால் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அது சிலருக்கு மட்டும் என்பதுதான் என் வருத்தம்.

வயசுக் கோளாறு என்று நீங்கள் கேட்டதைத்தான் கேமரனும் சொன்னார். அந்தப் படத்தைப் பார்த்தால் மிகவும் வெட்கமாக இருக்கிறது, இளமையில் செய்ததற்குப் பிறகு வருந்துகிறோம் என்றார். ஜான்சனும் 2013இல் அது ஆணவத்தின் வெட்கக்கேடான காட்சி என்று ஒப்புக்கொண்டார், அன்றைக்கு அது பிரமாதமாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொன்னார். அவர்கள் மனதுக்குள் போய்ப் பார்க்க என்னால் முடியாது, வருத்தம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இருவர் பேச்சிலும் வெட்கம் படத்தில் இருப்பவர்களைப் பற்றியது. படத்தில் இல்லாதவர்கள், மறுநாள் காலை வந்து கதவைத் திறந்தவர்கள், அந்தப் பேச்சில் வருவதே இல்லை.

சரி, உங்கள் தங்கை மகளுக்கு வருவோம். பயப்பட ஒன்றும் இல்லை. புல்லிங்டன் அவள் கண்ணில் படவே வாய்ப்புக் குறைவு. அது பல்கலைக்கழகத்தில் பதிவுபெற்ற சங்கமே இல்லை. அந்தப் படம் வெளிவந்த பிறகு அதில் சேருவது பெருமை என்பது போய், பின்னால் தொந்தரவு என்றாகிவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் இப்போது சேரும் பிரிட்டிஷ் இளங்கலை மாணவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் அரசுப் பள்ளிகளிலிருந்து வருகிறவர்கள். நாடு முழுவதும் தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் 7 சதவீதம்தான் என்பதால் இதுவும் சமம் ஆகிவிடாது, ஆனால் அவள் தனியாள் இல்லை.

கல்லூரி விடுதியில் அவள் அறையைச் சுத்தம் செய்ய ஒருவர் வருவார். அவர்களுக்கு அங்கே 'ஸ்கவுட்' என்று பெயர். பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்கள், காலையில் குப்பைக்கூடையை எடுக்கக் கதவைத் தட்டுவார்கள். பேரைக் கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஊரை விட்டு வந்த முதல் குளிர்காலத்தில் அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்கப் போகிறவர் அநேகமாக அவராகத்தான் இருக்கும்.

க்ரூடேட்டுக்குக் கூப்பிடுவார்கள். போகட்டும், தண்ணீர் குடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம், யாரும் அடித்துவிட மாட்டார்கள். அந்தப் பிப்ரவரி இரவில், உறை கைமாறி எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போன பிறகு, ஒரு பெண் மட்டும் வாசலிலிருந்து திரும்பி வந்தாள். எந்த அணி, எந்த வீட்டுப் பிள்ளை, எனக்குத் தெரியாது. துடைப்பம் எங்கே இருக்கிறது என்று சாச்சாவிடம் கேட்டாள். அவர் "வேண்டாம் அம்மா, நீ போ" என்றார். அவள் போகவில்லை. குதிகால் உயர்ந்த செருப்பைக் கழற்றப் போனவளை, "கண்ணாடி, கண்ணாடி" என்று நான் கத்தி நிறுத்தினேன். செருப்போடு குனிந்து பத்து நிமிஷம் எங்களோடு கூட்டினாள். வெளியே தெருவில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.